பசியாறிய புழுக்கள்

புழுவுக்கு வயிற்றில் என்ன கோளாறு என்று பார்க்கத்தான் மதுரைக்குப் போனேன். போன வேகத்தில் கோளாறு எனக்கு வந்தது. முதல் நாள் நெய்ச்சோறும் தால்சாவும், மறுநாள் காலையில் பொங்கல் வடை, பத்து மணிக்குப் பருத்திப்பால், மத்தியானம் யார் வீட்டிலோ கோழிக் குழம்பு. வேண்டாம் என்று சொன்னால் ‘கொஞ்சமா’ என்று காதில் விழும் ஊர் அது.

ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொசுப்புழு வளர்ப்பது என் வேலை. வளர்த்து, அவற்றின் வயிற்றைக் கீறி, செரிமான நொதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும். கல்யாண வீடுகளில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் அம்மா முந்திக்கொண்டு, “ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டது” என்று சொல்லிவிடுவார். நானும் திருத்துவதில்லை. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் புழுவின் குடலைப் பற்றிப் பேசி யாருக்கு என்ன லாபம்?

என்னை வரச் சொன்னது மெஹர். மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறாள். கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு பொடியைத் தன் ஆய்வகத்திலேயே தயாரித்து, ஊராட்சியின் அனுமதியோடு வாடிப்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் ஒரே ஒரு தெருவில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில வருஷங்களாகத் தொலைபேசியில் மட்டும் பழக்கம். ஒரு நாள் கூப்பிட்டு, “அக்கா, லேப்ல சாகுது, தெருவுல சாக மாட்டேங்குது. எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு” என்றாள். விடுப்பு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

கோச்சடையில் அவள் வீடு. நான் வந்து இறங்கியதும் அவளுடைய அம்மா பழைய மதுரையிலிருந்து ஒரு பெரிய தூக்குவாளியும் கையுமாக வந்துவிட்டார். அம்மாவும் மகளும் உருதுவில் என்னைப் பார்த்துப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன என்று கேட்டேன். “ரொம்ப மெலிவா இருக்காங்க, மலேசியாவுல சோறு கிடைக்காதான்னு கேட்கறாங்க” என்று மெஹர் மொழிபெயர்த்தாள். என்னை மெலிவு என்று சொன்ன ஒரே மனுஷி உலகத்தில் அந்த அம்மாதான். அந்த நன்றிக்காகவே இரண்டாவது முறையும் தட்டை நீட்டினேன்.

புதன்கிழமை கிராமத்துக்குப் புறப்பட்டேன். மெஹருக்குக் காலையில் வகுப்பு இருந்தது. பின்னால் வருகிறேன் என்றாள். ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ் எது என்று ஒருவரைக் கேட்டதற்கு, “எல்லாமே வாடிப்பட்டிதான், ஏறுங்க” என்றார். நம்பி ஏறினேன். நகரம் முடிந்து வயல்கள் வரத் தொடங்கிய பிறகு கண்டக்டர் என் டிக்கெட்டுக்கு வந்தார். வாடிப்பட்டி என்றதும், படிப்பில் தோற்றுப்போன பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். “இது பைபாஸ் ரைடர்க்கா. ஊருக்குள்ள போகாது.”

இப்படித்தான் நான்குவழிச் சாலையின் ஓரத்தில், கையில் நுண்ணோக்கிப் பெட்டியோடு, தனியாக நின்றேன். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, எதிரே சிறுமலை. மழை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வானம். எங்கள் ஊர் என்றால் செல்போனில் கார் கூப்பிட்டுவிடலாம். இங்கேயும் கூப்பிட்டேன். ஓட்டுநர் யாரும் அருகில் இல்லை என்று போன் சொன்னது. அப்போது எதிர்ச் சந்தில் இருந்த டீக்கடைக்காரர், “குட்டியானை ஒன்னு அந்தப் பக்கந்தான் போகுது, ஏத்தி விடவா?” என்று கேட்டார்.

மீனாட்சி ஊர் ஆயிற்றே, யானையும் உண்டு போல என்று ஒரு கணம் நிஜமாகவே பயந்துவிட்டேன். வந்தது வாழைத்தார் ஏற்றிய ஒரு சின்ன சரக்கு வண்டி. அதைத்தான் இந்த ஊரில் குட்டியானை என்கிறார்கள். ஓட்டியவர் என்னையும் பெட்டியையும் முன்னால் உட்காரவைத்தார். எங்கிருந்து வருகிறேன் என்றுகூடக் கேட்கவில்லை, சாப்பிட்டாயிற்றா என்றுதான் கேட்டார். ஆயிற்று என்றேன். தாரிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்து மடியில் வைத்தார்.

கிராமத்தில் இறங்கியதும் முதலில் பார்த்தது செல்வியை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். அந்தத் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவி. பொடியைத் தண்ணீரில் போடலாம் என்று தெருவையே சம்மதிக்க வைத்தது அவர்தான். போன மழைக்காலத்தில் அவருடைய மகள் காவியா டெங்குவில் படுத்து, பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்திருக்கிறாள். இப்போது நாலாம் வகுப்பு. நான் போனபோது தொட்டித் திண்டில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே என் பெட்டியை வேடிக்கை பார்த்தாள்.

இந்தத் தொட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும். அதனால் வீட்டுக்கு வீடு வாசலிலேயே சிமெண்ட் தொட்டி கட்டியிருக்கிறார்கள். பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. ஆகவே சுகாதாரத் துறைக்காரர்கள் போன வருஷமே ஒவ்வொரு தொட்டியிலும் கொசுப்புழு தின்னும் சின்ன மீன்களை விட்டிருந்தார்கள். போதாததற்கு இப்போது மெஹரின் பொடி. மீனும் இருக்கிறது, பொடியும் இருக்கிறது. நான் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு பார்த்தேன். புழுக்கள் கொழுத்து, சந்தோஷமாக நெளிந்துகொண்டிருந்தன.

என் ஊரில் வீட்டில் கொசுப்புழு கண்டுபிடித்தால் அபராதம். அதிகாரியைக் கண்டாலே ஜனங்கள் கதவைச் சாத்துவார்கள். இங்கே கிண்ணத்தோடு நான் எந்த வாசலில் நின்றாலும் காபி வந்தது. எது நல்ல முறை என்று யோசித்தேன். ஐந்தாவது காபியில் அபராதமே மேல் என்று தோன்றியது.

செல்வி என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை ஊர் மந்தைத் திடலில் தெருக்கூட்டம். பொடி வேலை செய்யவில்லை, தண்ணீரைக் கெடுக்கிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது. அன்றைக்கும் புழு நெளிந்தால் பொடியை நிறுத்திவிடுவார்கள். மழை வேறு தொடங்கப் போகிறது. “வாக்குக் குடுத்துட்டேன்க்கா” என்றார். “அது போனாப் போகுது, எனக்கு மானம் பெருசில்ல. போன வருசம் பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில ஒக்காந்திருந்தேன். இன்னொரு தடவ என்னால முடியாது.” குரல் உயரவில்லை.

பொடி எப்படி வேலை செய்யும் என்று கேட்டார். சொன்னேன். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தன் உடம்புக்குள் ஒரு புரதத்தைப் படிகமாகச் சேர்த்து வைக்கும். அந்தப் படிகம் தானாக யாரையும் ஒன்றும் செய்யாது. நம் வயிறு புளிப்பு, அதில் பாதிப்பில்லாமல் போய்விடும். மீனுக்கும் ஒன்றும் ஆகாது. கொசுப்புழுவின் வயிறு நேர்மாறு, சோப்புத் தண்ணீர் மாதிரி சவுக்காரம். அதில் படிகம் கரையும். கரைந்ததும் புழுவின் செரிமான நொதிகள் சாப்பாடு வந்துவிட்டது என்று கத்தரி போல வெட்டத் தொடங்கும். வெட்டின பிறகுதான் அது விஷம். குடலில் ஓட்டை போட்டுவிடும். ஆக, புழுவைக் கொல்வது அதன் சொந்தச் செரிமானம்.

செல்வி கொஞ்சம் யோசித்தார். “அப்ப அதுக்கு நல்லாச் செரிக்கணும்.”

“ஆமாம்.”

“எங்க ஊருப் புழுவுக்குச் செரிக்கலையோ என்னவோ.”

என் சந்தேகமும் அதுதான். வெட்டும் நொதி குறைந்துபோன புழுவுக்குப் பொடி வெறும் பொடிதான். அப்படி ஒரு கூட்டம் இந்தத் தெருவில் உருவாகியிருந்தால் மெஹரின் வேலை அவ்வளவும் வீண். மத்தியானம் வந்து சேர்ந்த மெஹரும் அதையே நினைத்துத்தான் பயந்தாள். இரண்டு பாட்டிலில் புழுக்களைப் பிடித்துக்கொண்டு திரும்பினோம். இந்த முறை ஊருக்குள் போகும் பஸ்தானா என்று மூன்று பேரிடம் கேட்டு ஏறினேன்.

வியாழக்கிழமை முழுவதும் மெஹரின் ஆய்வகத்தில். ஜன்னலுக்கு வெளியே மழை. உள்ளே நான் என் ஊசிகளோடு உட்கார்ந்தேன். கொசுப்புழுவின் தலையையும் வாலையும் பிடித்து மெல்ல இழுத்தால் குடல் முழுசாக வெளியே வரும். நன்றாக வந்தால் அப்படியே ஒரு திருப்தி. இதைச் சொன்னால்தான் கல்யாண வீட்டில் அம்மா என்னைக் கிள்ளுவார்.

புரதத்தை வெட்டும் நொதிகளைச் சோதித்தோம். குறையவே இல்லை. என் ஈப்போப் புழுக்களுக்கு இருப்பதுபோலவே துடிப்பாக இருந்தன. குடலின் சவுக்காரத் தன்மையும் சரியாக இருந்தது. அதே புழுக்களை நல்ல தண்ணீரில் விட்டு, கொஞ்ச நேரம் பட்டினி போட்டு, பொடியைக் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள் செத்துப்போயின. மெஹர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். செரிமானத்தில் கோளாறு இல்லை. பொடியிலும் கோளாறு இல்லை. பிறகு எதில்?

ஒன்று மட்டும் இடித்தது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இந்தப் புழுக்களில் தாராளமாக இருந்தது. குடலைக் கீறியபோது உள்ளே வெளிறிய கூழ்போல என்னவோ அடைந்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சொட்டு அயோடின் விட்டேன். நுண்ணோக்கிக்கு அடியில் அப்படியே கருநீலமாக மாறியது. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு மேல் விட்டுப் பார்ப்போமே, அதே நிறம். மாவு. குழாய்த் தண்ணீரில் பாசியும் தூசியும் தின்று வளர வேண்டிய புழுவின் வயிற்றில் மாவு எப்படி வந்தது?

வயிறு நிறைய வேறு தீனி கிடந்தால் புழு பொடியைக் கொஞ்சம்தான் விழுங்கும். விழுங்கியதும் அந்தக் கூழோடு கலந்து நீர்த்துப் போய்விடும். காரணம் அதுதான் என்று மெஹருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் தலையை ஆட்டினாள். தண்ணீரில் ஏதாவது கொட்டுகிறீர்களா என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறாளாம். எல்லாரும் இல்லை என்றுதான் சொன்னார்களாம். பொய் சொல்கிறவர்கள் இல்லை என்றாள்.

அன்று ஈப்போவிலிருந்து எங்கள் மேலாளர் கூப்பிட்டார். மலாய்க்காரர், நல்ல மனிதர். அங்கே புழுக்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். என்னைவிட நன்றாகச் சாப்பிடுகின்றன என்றேன். சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கிராமம். செல்வி என்னைக் கூட்டிக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். அரிசி கழுவின தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறீர்களா? “அது மாட்டுக்குல்ல” என்றார்கள். இட்லி மாவுப் பாத்திரத்தை இதில் கழுவுகிறீர்களா? “குடிக்கிற தண்ணியிலயா?” என்று ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீரில் வேறு எதையாவது கொட்டுகிறீர்களா? எதுவும் கொட்டுவதில்லை. சத்தியமாகக் கொட்டுவதில்லை. என் கேள்விகளால் மனசு நோகிறவர்களின் எண்ணிக்கைதான் ஏறியது. செல்வி எல்லாரையும் சமாதானப்படுத்திக்கொண்டே என் பின்னால் வந்தார். கூட்டத்துக்கு இன்னும் ஒரு நாள்தான் நடுவில் இருந்தது.

சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. பஸ் வராது என்று ஆகிவிட்டது. செல்வி வீட்டிலேயே தங்கினேன். அவருடைய கணவர் பாண்டி ஆரப்பாளையத்தில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். இரவு வேலை முடிந்து அங்கேயே படுத்துவிட்டு, விடியற்காலை முதல் பஸ்ஸில் வருவார் என்று செல்வி சொன்னார். எனக்குக் கறிக்குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். வயிறு கல்லாக இருக்கிறது என்றேன். ரசம் ஊற்றினால் சரியாகிவிடும் என்று இன்னொரு கரண்டிச் சோறு வைத்தார்.

விடிவதற்கு முன்பே விழித்துவிட்டேன். வயிறு கனத்தது. நடந்தால் கொஞ்சம் இறங்கும் என்று வாசலுக்கு வந்தேன். மழை விட்டிருந்தது. தெரு முனையில் ஒருவர் கையில் வாழையிலைப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிஷம் நின்று நின்று வந்தார். தடித்த கை, மாவு பிசைந்து பிசைந்து முறுக்கேறிய தோள். பாண்டிதான் என்று புரிந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்கக்கா, செல்வி போன்ல சொன்னா” என்றார்.

எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயில் வருவது ஒரே கேள்வி. எனக்கும் தானாக வந்துவிட்டது.

“பசியாறியாச்சா?”

காலைச் சாப்பாட்டைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். மதுரையில் அப்படிக் கேட்பதில்லை. பாண்டிக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. சொல்லிப் பார்த்துச் சிரித்தார். பிறகு தொட்டித் திண்டில் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ராத்திரி மிஞ்சிய பரோட்டா.

“இருங்கக்கா. மீனு மொதல்ல பசியாறட்டும்.”

பிய்த்தார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பொடியாக்கினார். தண்ணீர்மேல் தூவினார். மீன்கள் மேலே வந்து நிதானமாகத் தின்றன. எதற்கும் அவசரப்படவில்லை. மிச்சத் துகள் மெல்ல ஊறி, பால்போலக் கலங்கி, கீழே இறங்கியது. கீழே யார் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். மீன் விட்ட நாளிலிருந்து என்றார். இந்தத் தொட்டியில் மட்டுமா? “தெரு பூராந்தான். வார வழிதான. எல்லா வாசல்லயும் ஒரு கை போட்டுட்டு வாரேன்.” யாருக்கும் தெரியாமல் செய்யவில்லை. தெருவுக்கே தெரியும். ஆனால் கேட்டது ‘கொட்டுகிறீர்களா’ என்று. சாப்பாடு போடுவது எப்படிக் கொட்டுவதாகும்?

ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டேன். கையில் ஒட்டியிருந்த எண்ணெயைக் கைலியில் துடைத்தார். “பிள்ளைக்கு அப்படி ஆனப்ப நான் ஒன்னும் செய்ய முடியாம வெளிய நின்னேன்க்கா. அப்புறம் இந்த மீனக் கொண்டாந்து விட்டாக. இதுதான் இனிமே காவல்னு சொன்னாக. காவலுக்கு நிக்கிறவன எப்படிப் பட்டினி போடுறது?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காவல்காரனுக்குச் சோறு போட்டுப் போட்டதில் அவன் திருடனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. திருடனும் அதே சோற்றைத் தின்றுவிட்டு, அவனுக்கென்று வைத்த விஷத்தைத் தொடவில்லை. அந்தத் தொட்டிக்குள் பசித்த உயிர் ஒன்றுகூட இல்லை. நான் மலேசியாவிலிருந்து வந்து அயோடின் விட்டுக் கண்டுபிடித்தது மதுரைப் பரோட்டாவை. இத்தனைக்கும் எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயைவிட அது எவ்வளவோ மேல் என்று முதல் நாளே மெஹரிடம் சொல்லியிருந்தேன். புழுக்களுக்கும் அதே அபிப்பிராயம்.

இதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது செல்வி வாசலுக்கு வந்தார். வேறு வழியில்லாமல் இரண்டு பேரிடமும் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். மீன் பசித்தால்தான் புழுவைத் தின்னும். புழு பசித்தால்தான் பொடியைத் தின்னும். பாண்டி திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளைக் கடித்த கொசு இனத்தை என் கையாலேயே வளர்த்திருக்கிறேனா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் முகம் அதைத்தான் கேட்டது.

செல்விக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. எத்தனை வாசலில் அவர் தலைகுனிந்து நின்றிருப்பார்? விறுவிறுவென்று உள்ளே போனார். பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக உருண்டன. திரும்பி வந்தபோது கையில் மாவு சலிக்கும் சல்லடை இருந்தது. அதைக் கணவரிடம் நீட்டினார்.

“போட்டவுகளே அள்ளுங்க.”

சனிக்கிழமை முழுக்கப் பாண்டி தூங்கவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய், தொட்டியில் மிதந்ததையும் அடியில் படிந்ததையும் சல்லடையிலும் துணியிலுமாக அள்ளினார். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் தானே விளக்கம் சொன்னார். தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை. மெஹர் காலேஜிலிருந்து நேராக வந்து சேர்ந்தாள். புழுக்களைப் பகல் முழுக்கப் பட்டினி போட்டோம். சாயங்காலம் தொட்டி தொட்டியாகப் பொடியைக் கரைத்து விட்டோம். அன்று இரவு மெஹர் என்னைக் கோச்சடைக்குக் கூட்டிப்போய், அவளுடைய அம்மா அனுப்பிய பிரியாணியைத் திறந்தாள். வரலாற்றில் முதல்முறையாக ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டேன். யாரும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்தைக்குப் போனோம். சோதனைக்கூடத்தில் நடந்தது தெருவில் நடக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வரச் சொல்லியிருந்தார் செல்வி. அவர் தன் வீட்டுத் தண்ணீரை எல்லாருக்கும் முன்னால் என் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார். எட்டிப் பார்த்த தலைகளுக்கு நடுவே எனக்கே இடம் கிடைக்கவில்லை. பிறகு அந்த இட்லி மாவு அம்மாள் சொன்னார்: “அசையல.”

ஒவ்வொரு சொம்பாக ஊற்றினோம். புழுக்கள் விறைத்து அடியில் கிடந்தன. மெஹர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பொய் சொல்லக்கூடாது. சில கிண்ணங்களில் கமாப் புள்ளி மாதிரி வளைந்த சில உயிர்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர் அதைக் காட்டி, இதுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார். அவை கூட்டுப்புழுக்கள், கொசுவாக மாறுவதற்கு முந்தைய நிலை, அந்த நிலையில் சாப்பிடவே சாப்பிடாது, அதனால் எங்கள் பொடி அவற்றைத் தொடாது என்று உண்மையைச் சொன்னேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. செல்வி என்னைப் பார்த்தார்.

அப்போது பாண்டி எழுந்தார். பேசிப் பழக்கமில்லாதவர் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. “தப்பு என் மேலதான். நாந்தான் புரோட்டா போட்டு மீன நாசமாக்கினது” என்றார். “நேத்துலருந்து போடல. காலையில எந்திரிச்சுப் பாத்தேன். அந்த வளைஞ்சதத்தான் மீனு வெரட்டி வெரட்டித் திங்குது. நீங்களும் போயிப் பாருங்க.”

ஒரு பெண், தன் வீட்டிலும் பொரி போட்டதாகச் சொன்னார். இன்னொருவர் இட்லி. இட்லி மாவு அம்மாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பிள்ளைகள் முறுக்கு போட்டால் தான் என்ன செய்வது என்று கேட்டார். சிரிப்பு பரவியது. எல்லாரும் தொட்டியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். பொடியை நிறுத்துவதா என்று யாரும் கேட்கவே இல்லை. மழைக்காலம் முடியும்வரை தொடரட்டும் என்று அந்தப் பெரியவர் போகிறபோக்கில் மெஹரிடம் சொன்னார். மீனுக்கு யாரும் சாப்பாடு போடக்கூடாது என்ற ஒன்றுதான் புது விதி. இந்த ஊரில் அதைக் காப்பாற்றுவது பொடி தயாரிப்பதைவிடக் கஷ்டமான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை விமானம். அதற்கு முன்னால் விடியற்காலையில் செல்வி வீட்டுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று தோன்றியது. மெஹர் தன் ஸ்கூட்டரில் அழைத்துப் போனாள். நாங்கள் போய் நின்ற நேரத்தில்தான் பாண்டியும் வந்து சேர்ந்தார். கையில் வழக்கம்போல வாழையிலைப் பொட்டலம்.

தொட்டியருகே வந்ததும் கால் தானாக நின்றது. நிழல் விழுந்ததும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இப்போது நிதானம் இல்லை, பசி. அவர் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டைக் கிள்ளியும்விட்டார். கை தண்ணீருக்கு மேல் நின்றது. செல்வி வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். காவியா தூக்கக் கலக்கத்தோடு வந்து அப்பா பக்கத்தில் திண்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“பசிக்கட்டும்” என்றார் பாண்டி, மீன்களிடம்.

பிறகு கிள்ளிய துண்டை மகளின் வாயில் வைத்தார். அவள் மென்றுகொண்டே தண்ணீருக்குள் பார்த்தாள். “அப்பா, மீனு ஒரு புழுவப் புடிச்சிருச்சு” என்றாள்.